நலம், புகார் இல்லை

பரவாயில்லை என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரை ஒரே ஒரு நாள் என் கவுண்டரில் உட்கார வைக்க ஆசை. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் நான் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மிஷின் என்று எது கெட்டாலும் ஜனங்கள் முதலில் வந்து மோதுவது என்மேல்தான். கத்துகிறவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. கத்துகிறவர் என்ன கோளாறு என்றும் சேர்த்துக் கத்திவிடுவார். "மிஷின் எப்படி ஓடுது?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்று சிரிக்கிறாரே, அவர்தான் உயிரை எடுப்பவர். நன்றாக ஓடுகிறதா, ஏதோ ஓடுகிறதா, ஓடவே இல்லை ஆனால் உன்னோடு சண்டை போட மனசில்லையா? எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். அதனால் நான் யாரையும் எப்படி ஓடுகிறது என்று கேட்பதையே விட்டுவிட்டேன். பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

இவ்வளவு விவரமான எனக்கு வாய்த்த கணவர், காய்ச்சல் கொதிக்கும்போதுகூட பரவாயில்லை என்கிற ரகம்.

அவர் தையல்காரர். கோட் தைப்பதில் கெட்டிக்காரர். தையல் கடையில் அவருக்குக் குண்டூசி மாஸ்டர் என்று பெயர். போட்டுப் பார்க்க வருகிறவரை நிறுத்தி வைத்து அளவு சரி செய்யும்போது, குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொள்வார். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கை உதட்டிலிருந்து ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டே போகும். வந்தவர் பேச்சுக் கொடுத்தால் 'ம்', 'ம்ஹும்', அவ்வளவுதான் பதில். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப அமைதிங்க" என்று என்னிடம் சொல்வார்கள். வாய் நிறைய ஊசி இருந்தால் நானும் அமைதிதான்.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உடம்பு என்று சொல்லிப் பழகிவிட்டது, மனசுதான். தையல் மிஷின் ஓடுகிற சத்தத்துக்குள்ளே யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். பிறகு மிஷினை நிறுத்தினாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் கதவோரம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, மாத்திரை வேலை செய்தது. பேச்சுக் குரல் போனது, மனிதர் திரும்பி வந்தார், கத்திரியைக் கையில் எடுத்தார். அந்த மாத்திரை இல்லையென்றால் இன்று நான் திட்டுவதற்கு வீட்டில் ஆள் இருந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு பார்த்தவர்கள் எல்லாம் இதையேதான் என்னிடம் எடுத்துச் சொன்னார்கள், எனக்கு மறந்துபோன மாதிரி.

வருஷக்கணக்காகச் சாப்பிட்ட பிறகு அவர் வாய் ஆட ஆரம்பித்தது. முதலில் உதடு மட்டும் குவிந்து குவிந்து விரிந்தது. பிறகு தாடை, எதையோ மெல்லுகிற மாதிரி. பிறகு நாக்கு, யாரும் கூப்பிடாமலே வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். தூங்கும்போது எல்லாம் அடங்கிவிடும். விழித்தால் மறுபடி ஆரம்பம். "என்ன மாஸ்டர், வாயில என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த பெண் இவரை முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

உதட்டில் ஊசி நிற்கவில்லை. பொலபொலவென்று கீழே விழுந்தது. கல்யாணக் கோட் போட்டுப் பார்க்க வந்த ஒருவர், இவர் நாக்கு வெளியே வந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தன் தொந்தியைக் கேலி செய்கிறார் என்று நினைத்து ஒரே ரகளை. முதலாளி நல்லவர்தான். "கொஞ்ச நாள் உள்பக்கம் இருங்க மாஸ்டர்" என்று நாசூக்காகச் சொன்னார். உள்பக்கம் என்றால் காஜா எடுத்துப் பொத்தான் வைக்கிற இடம். கோட் வெட்டிய கை பொத்தான் தைத்தது. அன்று வீட்டுக்கு வந்தவரிடம், "எப்படிங்க இருக்கு உள்பக்கம்?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல" என்றார்.

கன்னத்தையும் நாக்கையும் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டதால் பல் டாக்டரிடம் போனோம். அந்தப் பெண் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது பல்லால வந்தது இல்லை. வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். மாத்திரைப் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினாள். "இந்த மாதிரி மருந்தை ரொம்ப நாள் சாப்பிட்டா இப்படி வரலாம். உங்க டாக்டர் ஆரம்பத்துலயே சொல்லியிருப்பாரே?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அதுவரை அவர் தனியாகத்தான் போய் வருவார். எனக்கு லீவு கிடைக்காது, அவரும் வேண்டாம் என்பார். வெளியே பெஞ்சு முழுக்கக் கூட்டம். உள்ளே டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்றார்.

"பரவாயில்ல டாக்டர்."

டக்டக்கென்று ஏதோ தட்டினார். அடுத்தவரைக் கூப்பிட மணியின் மேல் கை போனது.

"டாக்டர், ஒரே ஒரு தடவை இவர் முகத்தைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"நீங்க பார்க்காத நாளெல்லாம்."

அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். "ரொம்ப நாள் இந்த மருந்தைச் சாப்பிடறதால சில பேருக்கு வரும்மா. மருந்தைக் குறைச்சுப் பார்க்கலாம், மாத்திப் பார்க்கலாம். இதுக்குன்னே தனி மருந்தும் இருக்கு. சிலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே நின்னுடும். ஆனா நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. பழையபடி குரல் கேட்க ஆரம்பிச்சுடும்."

"இப்படி வரும்னு முன்னாடியே ஏன் சொல்லலை?"

"முன்னாடியே சொன்னா யாரும்மா மாத்திரை சாப்பிடுவாங்க?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவரோ எழுந்து, "வரேன் டாக்டர்" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"சொல்லியிருந்தாலும் சாப்பிட்டிருப்பேன்."

"பின்ன என்ன, விட்டுடலாமா?"

"சொல்லியிருந்தா இது மருந்துன்னு தெரிஞ்சிருக்கும். கண்ணாடியில பார்க்கறப்பெல்லாம், வாய் தானா ஆடுதே, மறுபடி பைத்தியம் ஆரம்பிச்சுடுச்சுன்னு நினைச்சேன். உன்கிட்ட சொன்னா உடனே அட்மிட் பண்ணிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்."

பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்த மனிதர் இத்தனை நாள் இந்தப் பயத்தோடு படுத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கோபமாகத்தான் வெளியே வந்தது. அங்கேயே ரோட்டில் நின்று, அந்த டாக்டரை விடப் போவதில்லை என்று கத்தினேன்.

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே வக்கீலம்மாவின் அறை. கவுண்டருக்கு வரும் ஒருவர் சொல்லித்தான் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "சாருக்கு நாம பேசறது புரியுமா?" என்றார்.

"நல்லாவே புரியும்மா. உங்க கோட்டுல இடது தோள் இறங்கியிருக்கறதும் தெரியும்" என்றார் என் கணவர்.

வக்கீலம்மா தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தே பேசினார்.

"மருந்து கொடுத்ததே தப்புன்னு நாம வாதாட முடியாது சார். உங்களுக்கு அது தேவைப்பட்டுது. நாம கேட்கக்கூடியது வேற. இப்படி வரலாம்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கொடுத்தாங்களா? வருதான்னு நடுநடுவுல சோதிச்சுப் பார்த்தாங்களா? வந்ததுக்கப்புறம் ஏதாவது செஞ்சாங்களா? இதுக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா இன்னொரு டாக்டர் வந்து நமக்காகச் சாட்சி சொல்லணும், அவ்வளவு சுலபமா யாரும் வர மாட்டாங்க. டாக்டர்களோட கவுன்சில்ல புகார் கொடுக்கலாம், அது ஆமை வேகம். முதல்ல ஆஸ்பத்திரியோட குறைதீர்க்கும் குழுவுக்குப் போவோம். அங்க என்ன பதிவாகுதோ அதை வச்சுத்தான் மேல எதுவும் செய்ய முடியும்."

"நிதானமா செய்யலாமில்ல?" என்றார் இவர்.

"இல்லை சார், காலக்கெடு இருக்கு. மருந்தாலதான்னு பல் டாக்டர் சொன்ன நாள்லேருந்து கணக்குன்னு நாம சொல்லுவோம். வாய் ஆட ஆரம்பிச்ச நாள்லேருந்தே கணக்குன்னு அவங்க சொல்லுவாங்க."

என் கவுண்டரில் தினமும் நடக்கிற சண்டை இது. எப்போது கெட்டது என்பது ஒன்று, கெட்டது எப்போது தெரிந்தது என்பது வேறு. ஆனால் மிக்ஸிக்கு வாரண்டி அட்டை கொடுப்போம், அதில் எது எது கெடலாம் என்று போட்டிருக்கும். மனுஷனுக்கு அதுகூட இல்லை.

"உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று வக்கீலம்மா கேட்டார். "நஷ்டஈடா?"

இவர் யோசித்தார். உதடு அதன்பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது. "என்கிட்ட சொல்லலை, சொல்லியிருக்கணும்னு டாக்டர் வாயால சொல்லணும். அதை யாராவது எழுதிக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

நஷ்டஈட்டை ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்கு ஒரு பக்கம் கடுப்பு. ஆனால் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் கேட்டுவிட்டார், அதனால் சும்மா இருந்தேன்.

வக்கீலம்மா சிகிச்சைக் குறிப்புகளின் நகல் வாங்கச் சொன்னார். கேட்டு வாங்க உரிமை இருக்கிறது என்றும் சொன்னார். உரிமை இருக்கிறது, ஜன்னல்தான் இல்லை. முதல் ஜன்னலில் நான் போய்க் கேட்டபோது, "நோயாளியே நேர்ல வரணும்" என்றார்கள். இவரை அழைத்துக்கொண்டு போனால், "மனநலப் பிரிவு நோயாளியா? இவர் கையெழுத்து போதாதே, வீட்டுல யாராவது வரணும்" என்றார்கள். "நான்தான் அந்த வீட்டுல யாராவது. அன்னிக்கு நான் வந்தப்போ இவர் வரணும்னீங்க" என்றேன். ஜன்னலுக்குள் இருந்தவர், "ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்களே, அப்ப சரிதான். ஆனா இது இந்த ஜன்னல் இல்லை" என்றார். என் கையில் கனமாக எதுவும் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

எப்படியோ நகல் வந்தது. வக்கீலம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்தார். "நலம், புகார் இல்லை. நலம், புகார் இல்லை. நலம், புகார் இல்லை. சார், ஒவ்வொரு தடவையும் இதேதான் இருக்கு. நீங்க என்னதான் சொன்னீங்க?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

"ஏன்?"

"எப்படி இருக்குன்னு கேட்டாங்க. மரியாதைக்கு..."

"அந்த மரியாதையை வச்சுத்தான் சார் நம்மளைக் குறுக்கு விசாரணை பண்ணப் போறாங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் நான் கோளாறு எழுதறேன், என் வீட்டுக் கோளாறு மட்டும் பரவாயில்லையா?"

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "ஒரு தடவை சொன்னேன்."

"எப்ப?"

"மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல. காலு நிக்க மாட்டேங்குது, உட்கார முடியலை, உள்ளுக்குள்ள யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்குன்னு சொன்னேன். யாரு தள்றாங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்ல, மாத்திரை போட்டதுலேருந்து இப்படின்னு சொன்னேன். நோய் கூடிடுச்சுன்னு மாத்திரையைக் கூட்டிட்டாங்க. ஞாபகம் இருக்கா, எச்சில் ஒழுகிட்டுப் படுத்தே கிடந்தேனே, அப்பத்தான். அப்புறம் யாரோ வேற டாக்டர் குறைச்சாங்க. அன்னியிலேருந்து பரவாயில்லைன்னு சொல்லக் கத்துக்கிட்டேன். அதைச் சொன்னா சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடறாங்க."

 அவரை இவ்வளவு நாள் சாது என்று நினைத்திருந்தேன். சொன்னால் தண்டனை என்று தெரிந்துகொண்ட மனுஷன், அவ்வளவுதான். அந்தக் காகிதக் கட்டை எடுத்துத் தேடிப் பார்த்தால் அதுவும் இருந்தது: பதற்றம் அதிகம், மருந்து கூட்டப்பட்டது. கால் என்ற சொல் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பரவாயில்லைக்குத் தடை போட்டேன். குறைதீர்க்கும் குழுவிடம் புகார் கொடுத்திருந்தோம்; அதன் முன்னால் அவர்தான் பேச வேண்டும், வக்கீல் கூட உட்காரலாம் ஆனால் அவருக்குப் பதிலாகப் பேசக் கூடாது என்பது விதி. அதனால் என் கவுண்டர் முறையில் பழக்கினேன். என்ன கோளாறு, எப்போதிலிருந்து, அதனால் எந்த வேலை நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் சமையல்கட்டில் நின்றுகொண்டே குழுவின் தலைவராகி, "சொல்லுங்க, என்ன உங்க குறை?" என்பேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே சொல்வார்.

"டீ எப்படி இருக்கு?" என்று நடுவில் மடக்குவேன்.

"பர..."

"ம்?"

"சர்க்கரை கம்மி. ஆறிப் போச்சு. ஏலக்காய் போட்டேன்னு சொன்னே, தெரியலை."

"அவ்வளவு விவரமா என்கிட்ட வேண்டாம், அங்க சொல்லுங்க."

இருவரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

விசாரணை நாளில் தான் வெட்டித் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். நீளமான மேஜை. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. அவர் பக்கத்தில் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் டாக்டர். ஓரத்தில் ஆஸ்பத்திரியின் வக்கீல், எங்கள் டாக்டர். தனி மேஜையில், பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய ஒரு பெண். எங்கள் வக்கீலம்மா வாசலிலேயே சொல்லி வைத்திருந்தார்: "அந்தப் பொண்ணு தட்டினாதான் சார் அது பேச்சு. தட்டலைன்னா காத்தோட போச்சு."

என் கணவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பதற்றத்தில் வாய் வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வாயில என்ன மெல்றீங்க? இங்க அதெல்லாம் கூடாது. வெளிய போய்த் துப்பிட்டு வாங்க."

 நம்ப மாட்டீர்கள், இந்த மனிதர் எழுந்துவிட்டார். வெளியே போய்த் துப்புவதற்கு, வாயில் ஒன்றுமே இல்லாமல். நான் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"ஐயா, புகாரே அதைப் பத்தித்தான்" என்றார் எங்கள் வக்கீலம்மா.

தலைவர் முன்னாலிருந்த காகிதங்களை அப்போதுதான் புரட்டினார். முகம் கறுத்தது. "அடடா. மன்னிக்கணும்."

"பரவாயில்லைங்க ஐயா" என்றார் என் கணவர்.

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடின. ஆஸ்பத்திரி வக்கீல் பேனாவை உயர்த்தினார். "அது பதிவாகட்டும். இப்பவும் பரவாயில்லைன்னுதான் சொல்றார்."

"யாராவது மன்னிப்புக் கேட்டா வேற என்னங்க சொல்லுவாங்க? உங்க வீட்டுல என்ன சொல்லுவீங்க?" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"அம்மா, உட்காருங்க. அவர் பேசட்டும்" என்றார் தலைவர்.

பழக்கிவிட்டதெல்லாம் பறந்து போனது. "எனக்கு டாக்டர் மேல கோபமெல்லாம் இல்லைங்க" என்று ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டார். காலைப் பற்றிச் சொன்னது, மாத்திரை கூடியது, பரவாயில்லை சொல்லக் கற்றது, கண்ணாடி முன்னால் நின்று பயந்தது, ஊசி நிற்காதது எல்லாம் வந்தது. நடுநடுவே நாக்கு குறுக்கே வந்து சொல்லை இடறியது. நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஆஸ்பத்திரி வக்கீல் நாசூக்காகக் கேட்டார். "யாரோ உங்களைப் பத்திப் பேசிட்டிருக்காங்கன்னு உங்களுக்குத் தோணும், இல்லையா?"

"முன்னாடி தோணும்."

"இப்ப?"

"இப்ப நீங்க பேசிட்டிருக்கீங்க."

தட்டச்சுப் பெண் குனிந்துகொண்டு சிரித்தாள். நல்ல வேளை, அதையும் தட்டினாள்.

பெண் டாக்டர் எழுந்து வந்து, நாக்கை வெளியே நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். தொடத் தொட வாய் இன்னும் அதிகமாக ஆடியது. ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, சோதனை முடிந்துவிட்டது.

"இப்படி இதுக்கு முன்னாடி யாராவது பார்த்திருக்காங்களா?"

"இல்லைங்க."

தலைவர் எங்கள் டாக்டரிடம் திரும்பினார். "மருந்து ஆரம்பிக்கும்போது இந்தப் பின்விளைவைப் பத்திச் சொன்னீங்களா?"

"பொதுவா சொல்றது வழக்கம்."

"இவர்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்... பொதுவா... கூட்டம் அதிகம்... சொல்றது வழக்கம்தான்."

என் கணவர் மெல்லுகிறார் என்றார்கள், மென்று விழுங்கியது டாக்டர். ஆனால் தட்டச்சில் ஏறியது 'பொதுவாகச் சொல்வது வழக்கம்' என்ற நல்ல, நிமிர்ந்த வாக்கியம். அதற்குத் துணையாக 'நலம், புகார் இல்லை' ஒரு கட்டு. எனக்கு மேஜையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"சின்ன இடைவேளை" என்றார் தலைவர். "அப்புறம் யாருக்கும் சொல்ல எதுவும் இல்லைன்னா முடிச்சுடலாம்."

வராந்தாவுக்கு வந்தோம். வக்கீலம்மாவின் முகத்தில் உற்சாகம் இல்லை. "பின்விளைவு இருக்குன்னு எழுதிடுவாங்க, மருந்தை மாத்திப் பார்க்கச் சொல்லுவாங்க. ஆனா சொன்னாரா, சொல்லலையாங்கறதுல வழக்கம்தான் நிக்கும். கோர்ட்டுக்குப் போனாலும் அதைத்தான் தூக்கிக் காட்டுவாங்க" என்றார். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அதுகூடக் கிடைக்காமல் வீட்டுக்குப் போகப் போகிறோம்.

தண்ணீர்க் குழாயடியில் டாக்டர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஈரத்தைத் துடைக்காமலே எங்களிடம் வந்தார். அவருடைய வக்கீல் பக்கத்தில் இல்லை. கிட்டத்தில் பார்த்தபோது அவரும் தூக்கம் கெட்ட ஆள் மாதிரிதான் இருந்தார்.

"சார்" என்றார். "யார் யாருக்கு என்ன சொன்னேன்னு எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது. ஆனா உங்ககிட்ட சொல்லலை. அது ஞாபகம் இருக்கு. நீங்க அப்ப இருந்த நிலைமையில சொன்னா மாத்திரையைத் தொட மாட்டீங்கன்னு நினைச்சேன். குணமானதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கணும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கணும். மன்னிச்சுக்குங்க."

என் கணவர் கேட்ட வாக்கியம் அப்படியே வந்துவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் அந்த டாக்டர் மேல் இரக்கம்கூட வந்தது. உடனே ஞாபகம் வந்தது: தட்டச்சுப் பெண் உள்ளே இருக்கிறாள். அதோடு, மன்னிச்சுக்குங்க என்று யாராவது சொன்னால் என் கணவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உலகத்துக்கே தெரியும். டாக்டரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

என் கணவரின் உதடுகள் ஒட்டின. ப என்று சொல்வதற்கு எப்படி ஒட்டுமோ அப்படி ஒட்டின, பிரிந்தன, மறுபடி ஒட்டின. அது அவரா, மருந்தா என்று எனக்கே புரியவில்லை. நான் குறுக்கே எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

கையால் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் கொஞ்சம் அடங்கும் வரை பொறுத்தார். பிறகு நடந்து போய், விசாரணை அறையின் கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் தோளால் தாங்கிக்கொண்டு நின்றார்.

"உள்ள வந்து சொல்லுங்க, டாக்டர்" என்றார்.